பூசியது தெரியாமல் பூசுவது எப்படி? மினரல் ஃபவுண்டேஷன் கேள்வி-பதில்

நான் மாநிறம். மினரல் ஃபவுண்டேஷன் பூசினால் முகம் சாம்பல் பூத்ததுபோல் இருக்கிறது. உங்கள் நிறத்தைவிட ஒரு படி வெளுப்பாக எடுங்கள் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள்.
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

அந்த ஒரு படியில்தான் கோளாறு. இந்தப் பவுடரில் பெரும்பாலும் டைட்டானியம் டைஆக்சைடு, ஜிங்க் ஆக்சைடு, மைக்கா, இரும்பு ஆக்சைடுகள் இருக்கும். முதல் இரண்டும் சுத்த வெள்ளை. சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகளைக் கலந்துதான் நம் தோலின் பழுப்பைக் கொண்டுவருகிறார்கள். வெளுப்பான டப்பாவை எடுத்தால் வெள்ளை கூடுகிறது, பழுப்பு குறைகிறது. மாநிறத்தின்மேல் அது சாம்பலாகத்தான் தெரியும்.

புறங்கையில் தடவிப் பார்க்காதீர்கள். தாடை ஓரத்தில் இரண்டு மூன்று நிறங்களைக் கோடாக இழுத்துக்கொண்டு, கடையின் டியூப்லைட்டை விட்டு வாசலுக்கு வாருங்கள். பத்து நிமிடம் பொறுங்கள்; தோலின் எண்ணெய் ஏறியதும் பவுடர் சற்றுக் கறுக்கும். அதன்பிறகு எந்தக் கோடு இருக்கும் இடம் தெரியவில்லையோ, அதுதான் உங்கள் நிறம். வெளுப்பாக்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அம்மணி. மாநிறத்தை மாநிறமாகவே துலங்கவைப்பதுதான் இந்தப் பவுடரின் வேலை.

ஆடிக் காற்றில் மூக்கோரம் தோல் உரிகிறது. அதன்மேல் பவுடர் திட்டுத்திட்டாக நிற்கிறது.
– வாசகி, உடுமலைப்பேட்டை

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று முகத்தின் ஈரத்தை வாரிக்கொண்டு போய்விடும். வீட்டில் ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீர் என்றால் சோப்பும் சரியாக அலசிப் போகாது. உலர்ந்த தோலில் பவுடர் ஒட்டாமல் செதில்களில் போய் உட்காரும். ஆகவே பவுடரைக் குறை சொல்லும் முன் தோலைக் கவனியுங்கள்.

முகம் கழுவி, லேசான ஈரம் இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் தடவுங்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கன்னத்தைத் தொட்டால் விரல் வழுக்கவும் கூடாது, இழுக்கவும் கூடாது. அந்தப் பதம் வந்தபிறகு டப்பாவைத் திறங்கள். சல்லடை வழியாக மூடியில் ஒரு சிட்டிகை மட்டும் கொட்டுங்கள். குட்டையான கைப்பிடியும் அடர்ந்த முடியும் உள்ள கபுகி பிரஷ்ஷை அதில் சுழற்றி, பவுடர் முடிக்குள் இறங்கும்வரை தேயுங்கள். பிறகு மூடியின் விளிம்பில் இரண்டு தட்டு. பிரஷ்ஷின் மேல் பவுடர் கண்ணுக்குத் தெரிந்தால் இன்னும் அதிகம் இருக்கிறது என்று பொருள்.

கன்னத்தின் வெளிப்புறத்தில் தொடங்கி, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்துக்கொண்டே உள்ளே வாருங்கள். மூக்கோரத்துக்கு வரும்போது பிரஷ்ஷில் மிச்சம் இருப்பதே போதும். ஒரு பூச்சு போதவில்லையா, இன்னொரு மெல்லிய பூச்சு கொடுங்கள். ஒரேயடியாக அப்பினால் எடுக்க வழியே இல்லை. தோல் உரியும் நாட்களில் மூக்கோரத்தை விட்டுவிடலாம்.

தம்பி கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சகோதரி செய்யும் இணைச்சீர் சடங்கை நான் செய்யப்போகிறேன். போட்டோவில் முகம் மட்டும் வெள்ளையாகத் தெரியுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, காங்கேயம்

பயம் நியாயமானது. வெள்ளைத் தாதுக்கள் ஃபிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். தொழில் பழகிய நாட்களில் நான் ஒரு மணப்பெண்ணுக்கு அடர்த்தியாகப் பூசிவிட்டேன். கண்ணாடியில் அழகாக இருந்தாள்; ஆல்பத்தில் முகம் தனி, கழுத்து தனி. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நீங்கள் முதல் நாளே பூசி, அன்று கட்டப்போகும் பட்டுச்சேலையைத் தோளில் போட்டு, செல்போன் ஃபிளாஷில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வெளுத்தால் பூச்சைக் குறையுங்கள். பிரஷ்ஷில் மிஞ்சியதைக் கழுத்திலும் காதோரத்திலும் இழுத்துவிடுங்கள்.

மண்டபத்தில் வியர்க்கும். துடைக்காதீர்கள், மெல்லிய பனியன் துணியை மடித்து ஒற்றி எடுங்கள். ஈரத்தின்மேல் மறுபடி பவுடர் போட்டால் களிம்பாகிவிடும்.

பூசிய அரை மணி நேரத்தில் அரிக்கிறது. மினரல் என்றால் ஒன்றும் செய்யாது என்றார்களே?
– வாசகி, திருப்பூர்

அப்படி உறுதி சொல்ல முடியாது. டப்பாவின் பின்பக்கம் பிஸ்மத் ஆக்சிகுளோரைடு என்று இருக்கிறதா பாருங்கள். மினுமினுப்புக்காகச் சேர்ப்பது, சிலருக்கு, அதுவும் வியர்க்கும்போது, அரிக்கும். அது இல்லாததை வாங்குங்கள். பிரஷ்ஷை வாரம் ஒருமுறை ஷாம்பூவில் அலசி, முடி கீழ்நோக்கி இருக்கும்படி உலர்த்துங்கள். அதன்பிறகும் அரித்தால் தோல் மருத்துவரிடம் போங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

தினமும் மஞ்சள் பூசிக் குளிப்பவள் நான். நிறம் எப்படிப் பார்ப்பது?
– வாசகி, ஈரோடு

மஞ்சளை விட வேண்டாம். இரண்டு மூன்று நாள் பூசாமல் இருந்து, சாயம் போனபிறகு நிறம் பாருங்கள். இல்லாவிட்டால் மஞ்சளுக்குப் பொருந்தும் டப்பாவை வாங்கி வந்துவிடுவீர்கள்.

பவுடரில் எஸ்.பி.எஃப். (வெயில் பாதுகாப்பு அளவு) இருந்தால் சன்ஸ்கிரீன் வேண்டாம்தானே? எனக்கு மங்கு இருக்கிறது.
– வாசகி, கோவை

கட்டாயம் வேண்டும். எழுதியிருக்கும் பாதுகாப்பு கிடைக்க வேண்டுமானால் யாரும் பூசாத அளவுக்குப் பவுடரை அப்ப வேண்டியிருக்கும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் சன்ஸ்கிரீன் தடவி, அது உலர்ந்தபிறகு பவுடர் பூசுங்கள். மங்கு உள்ளவர்களுக்கு இதில் ஒரு நன்மையும் உண்டு: மங்குத் திட்டுகளைக் கறுக்கவைப்பதில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும் பங்கு இருக்கிறது, இரும்பு ஆக்சைடு அதை ஓரளவு தடுக்கும். ஆகவே மங்கு இருக்கும் இடத்தில் மட்டும் இரண்டாவது பூச்சு கொடுங்கள்.