50 வயதுக்கு மேல் எடையைக் குறைக்கும்போது தசை கரையாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

கேள்வி: எனக்கு வயது 56. உயரம் 156 செ.மீ., எடை 74 கிலோ. மாதவிடாய் நின்று நான்கு வருடம் ஆகிறது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாக டாக்டர் சொன்னார். தினமும் 45 நிமிடம் நடந்தேன், இரவுச் சாப்பாட்டையும் விட்டேன். மூன்று மாதத்தில் 5 கிலோ குறைந்தது. அப்புறம் எடை மெஷின் முள் நகரவே இல்லை. இப்போது 3 கிலோ திரும்ப ஏறிவிட்டது. மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது. முன்பிருந்த தெம்பும் இல்லை. என் கணவருக்கு 64 வயது, சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். அவரும் என்னோடு சேர்ந்து இரவில் சாப்பிடுவதில்லை. இந்த வயதில் எடையைக் குறைக்க என்னதான் வழி?

பதில்: முதலில் உங்கள் கணவர் விஷயம், ஏனென்றால் அதுதான் அவசரம். அவர் எடுக்கும் மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரிய பயமில்லை. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ என்றால் இரவுச் சாப்பாட்டை விடுவது ஆபத்து. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இந்த மருந்துகள் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். தூக்கத்தில் சர்க்கரை தாழ்ந்தால் உடம்பு வியர்த்து நனையும், கெட்ட கனவுகள் வரும், காலையில் தலைவலியோடு எழுவார்கள். பல வருடமாகச் சர்க்கரை உள்ள சிலருக்கு இந்த அறிகுறிகள் எதுவுமே தெரியாமல் நேராக மயக்கத்தில் போய் முடியும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையில் சிக்கல் வேறு: நீண்ட நேரப் பட்டினியில் ரத்தத்தில் அமிலம் சேரும் வாய்ப்பு உண்டு. ஆகவே இன்று இரவிலிருந்தே அவர் வழக்கம்போல் சாப்பிடட்டும். எடையைக் குறைக்க வேண்டுமென்றால் டாக்டரிடம் சொல்லி மாத்திரை அளவை மாற்றிக்கொண்டு, பிறகு சாப்பாட்டில் கை வைக்கலாம்.

உங்களுக்கும் இது கொஞ்சம் பொருந்தும். எடை குறையக் குறைய ரத்த அழுத்தமும் இறங்கும். மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே போனால், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்ததும் தலை சுற்றும். அப்படி வந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நான்கைந்து நாள் அழுத்தத்தை அளந்து எழுதி எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருவோம்.

எடை நின்றுபோனதும் எல்லோரும் சொல்வது, 'வயதாகிவிட்டது, மெட்டபாலிசம் குறைந்துவிட்டது' என்பது. அது அவ்வளவு சரியில்லை. ஹெர்மன் பான்ட்சர் தலைமையிலான குழு 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் மேற்பட்டவர்களின் அளவீடுகளை ஆராய்ந்து 2021-இல் முடிவுகளை வெளியிட்டது. உடலின் அளவையும் தசை, கொழுப்பு விகிதத்தையும் கணக்கில் எடுத்துப் பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வரை உடல் செலவழிக்கும் கலோரி ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கிறது. 60-க்குப் பிறகுதான் ஆண்டுக்குச் சுமார் 0.7 சதவீதம் வீதம் இறங்குகிறது. அப்படியென்றால் 40-களிலும் 50-களிலும் மாறுவது எது? தசை. முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. தசையின் அளவை விட அதன் பலம் இன்னும் வேகமாகக் குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால், அதுவரை தொடையிலும் பின்புறத்திலும் தங்கிய கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. கல்லீரலையும் குடலையும் சுற்றித் தங்கும் அந்தக் கொழுப்புதான் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடுகிறது.

இந்தக் கண்ணோடு உங்கள் 5 கிலோவைப் பாருங்கள். சாப்பாட்டைக் குறைத்து எடையைக் குறைத்தால், போகும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பல்லாத திசு, அதில் தசையும் அடக்கம். நடையும் பட்டினியும் மட்டும் இருந்த உங்களுக்கும் அப்படித்தான் நடந்திருக்கும். அப்புறம் திரும்பி வந்த 3 கிலோவில் பெரும்பகுதி கொழுப்புதான். இழந்த தசை தானாகத் திரும்பி வராது. மெஷினில் நீங்கள் 2 கிலோ லாபத்தில் இருப்பதுபோல் தெரிகிறது. ஆனால் மாடிப்படியில் உங்களைத் தூக்கிச் செல்லும் தொடைத் தசை முன்பைவிட மெலிந்திருக்கிறது. தெம்பு இல்லை என்று நீங்கள் எழுதியதற்கு இது ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம். இதே டயட்டை இன்னொரு முறை தொடங்கினால் இதுவேதான் மறுபடியும் நடக்கும். அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

எடை திரும்ப ஏறியதற்கு உங்கள் மன உறுதியைக் குறை சொல்ல வேண்டாம். ஒரு கிலோ குறைந்தால் உடலின் கலோரிச் செலவு நாளுக்கு 20–30 கலோரிதான் குறைகிறது. ஆனால் பசி சுமார் 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது என்று ஆய்வில் கணக்கிட்டிருக்கிறார்கள். 5 கிலோ குறைத்தவருக்கு நாளெல்லாம் 500 கலோரிக்கான கூடுதல் பசி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பட்டினியால் எதிர்த்து நிற்க யாராலும் முடியாது.

எவ்வளவு குறைக்க வேண்டும்? நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவுகள் 2002-இல் வந்தன. எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிட நடை, இவ்வளவுதான் இலக்கு. நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கு 31 சதவீதம்தான். 60 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் இந்த முறை இன்னும் நன்றாக, 71 சதவீதம் வரை, பலன் தந்தது. உங்கள் எடையில் 7 சதவீதம் என்றால் 5 கிலோவுக்குச் சற்றே மேல். அதை ஆறு மாதத்தில் செய்தால் போதும், வாரத்துக்குக் கால் கிலோ கூட ஆகாது. வாரம் ஒன்றரை கிலோவுக்கு மேல் குறைத்தால் பித்தப்பையில் கல் வரும் வாய்ப்பு கூடும். முழங்காலுக்கும் இதில் நல்ல செய்தி: ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் மூட்டின் மேல் விழும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது.

எடையை வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். அதைவிட முக்கியம் இடுப்பு டேப். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு 78 செ.மீ. மூச்சை இயல்பாக வெளியே விட்டதும், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், டேப்பை இறுக்காமல் அளங்கள். உடனே 78-க்கு வர வேண்டியதில்லை. எடை நிற்கும்போதும் இடுப்பு இறங்கிக்கொண்டிருந்தால் கொழுப்பு போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது நீங்கள் செய்யாமல் விட்ட விஷயம்: தசைக்கு வேலை. ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை, ஒரு நாற்காலி போதும். கைப்பிடி இல்லாத, உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். நடுவில் உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் பதித்து, கைகளை மார்பின் மேல் குறுக்காகக் கட்டிக்கொள்ளுங்கள். கையை ஊன்றாமல் முழுதாக எழுந்து நில்லுங்கள், மறுபடி உட்காருங்கள். 30 விநாடியில் எத்தனை முறை முடிகிறது என்று எண்ணுங்கள். 60–64 வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழும், ஆணுக்கு 14-க்குக் கீழும் இருந்தால் கால் பலம் குறைவு என்று கொள்கிறார்கள். நீங்கள் இன்னும் இளையவர், 12-க்கு மேல் வர வேண்டும். உங்கள் கணவரும் செய்து பார்க்கட்டும்.

சோதனைக்குச் செய்த இதுவேதான் பயிற்சியும். முழங்கால் வலிப்பதால் நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். உயரம் கூடினால் மூட்டு மடங்குவது குறையும். எழும்போது மூச்சை விடுங்கள், அடக்காதீர்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது கட்டாயம். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக இறங்குங்கள். அந்த இறக்கத்திலும் தசைக்கு நல்ல வேலை கிடைக்கிறது. 8 முதல் 12 முறை செய்து, இரண்டு நிமிடம் ஓய்வு, மறுபடி இரண்டு சுற்று. கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும். சுலபமாகிவிட்டதா? தலையணையை எடுத்துவிடுங்கள், அப்புறம் இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். இதோடு சுவரில் கை ஊன்றித் தள்ளும் பயிற்சி, ரப்பர் பட்டையை மார்பை நோக்கி இழுக்கும் பயிற்சி, குதிகாலை உயர்த்தி நிற்பது. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், இடையில் ஒரு நாள் இடைவெளி. செய்யும்போது தொடை எரியலாம், மறுநாள் சதை வலிக்கலாம், பரவாயில்லை. மூட்டுக்குள் குத்துவது போல் வலித்தாலோ மூட்டு வீங்கினாலோ நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்.

'இந்த வயதில் தசை வளருமா' என்று தயங்க வேண்டாம். 1990-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், 90 வயதை ஒட்டிய, தளர்ந்துபோன முதியவர்களுக்கு எட்டு வாரம் பளுப் பயிற்சி கொடுத்தார்கள். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது 2017-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு. 65 வயதுக்கு மேற்பட்ட, பருமனான 160 பேர் பங்கேற்றார்கள். சாப்பாட்டைக் குறைத்து நடை போன்ற பயிற்சி மட்டும் செய்தவர்கள் கொழுப்பல்லாத திசுவில் 5 சதவீதத்தை இழந்தார்கள். அதே அளவு எடை குறைத்து, பளுப் பயிற்சி மட்டும் செய்தவர்கள் இழந்தது 2 சதவீதம். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு உடல் செயல்திறன் எல்லோரையும்விட அதிகமாகக் கூடியது. ஆகவே நடையை விட வேண்டாம். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அது வேண்டும்.

இரவுச் சாப்பாட்டைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒரு வேளையை விட்டதில் கலோரியோடு புரதமும் போய்விட்டது. உங்களுக்கு நாளுக்கு 65 முதல் 70 கிராம் புரதம் தேவை, அதை மூன்று வேளையாகப் பிரித்து வேளைக்கு 20 கிராமுக்கு மேல் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். வயதாக ஆக, கொஞ்சம் புரதம் கிடைத்தால் தசை கண்டுகொள்வதே இல்லை. ஒரே வேளையில் போதுமான அளவு வந்தால்தான் அது வேலை செய்கிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் 6 முதல் 7 கிராம், சமைத்த மீன் 100 கிராமில் 20 கிராமுக்கு மேல், வேகவைத்த பருப்பு, பயறு 100 கிராமில் 7 முதல் 9 கிராம். தட்டில் புரதத்தை முதலில் வையுங்கள், பாதித் தட்டுக்குக் காய்கறி, மிச்ச இடத்தில் மாவுச்சத்து. ஒரு எச்சரிக்கை: புரதத்தைக் கூட்டும் முன், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்துவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்த அளவு உங்களுக்குப் பொருந்தாது.

பசிக்கு இன்னொரு வழி, பாக்கெட் உணவை ஒதுக்குவது. கெவின் ஹால் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் 20 பேருக்கு இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் இயல்பாகச் சமைத்த உணவும் கொடுத்து, வேண்டிய மட்டும் சாப்பிடச் சொன்னார்கள். முன்னதில் நாளுக்கு 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது, அதுவும் அவர்களுக்கே தெரியாமல். மதுப் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் அந்தக் கலோரியும் கணக்கில் சேரும்.

தூக்கம் குறைந்தால், டயட்டில் இருக்கும்போது போவது கொழுப்பைவிட தசையாகத்தான் இருக்கும். மாதவிடாய் நின்ற பிறகு இரவு வியர்வையால் தூக்கம் கெடுகிறது என்றால் அதற்குச் சிகிச்சை இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். பெரிய குறட்டை விட்டு, பகலெல்லாம் தூங்கி வழிந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று சோதனை செய்ய வேண்டும். தைராய்டு ஒரு முறை பாருங்கள். ஸ்டீராய்டு, சில மன அழுத்த மாத்திரைகள், பீட்டா பிளாக்கர் என்ற வகை ரத்த அழுத்த மாத்திரைகளில் சில எடையை ஏற்றும். உங்கள் ரத்த அழுத்த மாத்திரை எந்த வகை என்றும் கேட்டு வையுங்கள்.

எடையைக் குறைக்கும் செமாகுளூடைட், டிர்செபடைட் ஊசிகளைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். அவை நிஜமாகவே வேலை செய்கின்றன. செமாகுளூடைட் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடையைக் குறைத்தது. ஆனால் நிறுத்திய ஒரு வருடத்துக்குள் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறியது. பசியே இல்லாமல் போவதால் புரதமும் உள்ளே போகாது, தசையும் சேர்ந்து கரையும். உங்கள் நிலையில் நாற்காலிப் பயிற்சிக்கும் சாப்பாட்டுக்கும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்துவிட்டு அதைப் பற்றி யோசிக்கலாம். அப்போது ஊசி போட்டுக்கொண்டாலும் பயிற்சி தொடர வேண்டும்.

மூன்று மாதம் கழித்து, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c), இடுப்புச் சுற்றளவு, நாற்காலி எண்ணிக்கை மூன்றையும் இன்றைய அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கணவருக்கு மட்டும் ஒரு விஷயம் கூடுதலாக. அவர் சாப்பாட்டைக் குறைக்காமலே ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் சந்தோஷப்பட வேண்டாம். கட்டுக்கு மீறிய சர்க்கரை, தைராய்டு, குடல் கோளாறு, புற்றுநோய், மனச்சோர்வு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம், அந்த வாரமே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.