65 மஸ்டாங், 57 ஷெவி: பழைய அமெரிக்கக் கார் சீரமைப்பு கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை 1965, 66 ஃபோர்டு மஸ்டாங் பற்றியவை. அதில் வியப்பில்லை. 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமாகி, இரண்டு ஆண்டுகளுக்குள் 10 லட்சம் விற்ற கார் அது. உதிரிபாகம் அநேகமாக எல்லாமே இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். முதல் வேலையாக யார் எடுத்தாலும் நான் அதைத்தான் சொல்வேன்.

கே: மிச்சிகனில் ஒரு 65 மஸ்டாங் கூபே பார்த்தேன் அண்ணா. சிவப்புப் பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. முழுக்க ரெஸ்டோர் செய்தது என்கிறார் விற்பவர். எதைப் பார்த்து வாங்குவது?

ப: பெயின்டை விடுங்கள் தம்பி, தகரத்தைப் பாருங்கள். இந்தக் காருக்குத் தனி சேஸிஸ் கிடையாது. பாடியே சேஸிஸ். தரையும், அடியில் நீளவாக்கில் ஓடும் ஃபிரேம் ரெயிலும் துருப்பிடித்தால் காரின் எலும்பே போனதாக அர்த்தம். மிச்சிகன் போன்ற மாநிலங்களில் பனிக்காலத்தில் சாலையில் உப்புப் போடுகிறார்கள், அதனால் இன்னும் கவனம் வேண்டும்.

ஒரு குடம் தண்ணீர் கேளுங்கள். முன் கண்ணாடிக்குக் கீழே, பானட்டுக்குப் பின்னால் காற்று போகும் துளைகள் வரிசையாக இருக்கும். அதில் மெதுவாக ஊற்றிவிட்டு, உள்ளே குனிந்து டாஷ்போர்டுக்கு அடியில் பாருங்கள். தண்ணீர் இரு பக்கமும் வெளியே வடிந்தால் நல்லது. கால் வைக்கும் இடத்தில் சொட்டினால் துளைகளுக்குக் கீழுள்ள உள்ளறை அரித்துவிட்டது. அதைச் சரிசெய்ய ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளைத்து மேல் தகடையே பிரிக்க வேண்டும். இந்தக் காரில் வெளியே தெரியாமல் பணத்தை அதிகம் தின்னும் வேலை இதுதான். ஊற்றக் கூடாது என்று விற்பவர் சொன்னால், கிளம்பிவிடுங்கள்.

அப்புறம் காருக்கு அடியில் படுத்து, பின் லீஃப் ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டியிருக்கும் இடம், முன் ஃபிரேம் ரெயில் தரையோடு சேரும் இடம், பேட்டரித் தட்டுக்குக் கீழே உள்ள தகடு, மூன்றையும் ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். பானட்டைத் திறந்து ஷாக் அப்சார்பர் கோபுரங்களில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை மட்கார்டு ஓரங்களில் வையுங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி தடிமனாக இருக்கிறது.

பெயின்ட் மங்கி, இன்ஜின் ஓடாமல், ஆனால் தகரம் கெட்டியாக இருக்கும், வறண்ட அரிசோனா மாநிலத்துக் கார் கிடைத்தால் அதுவே மேல்.

கே: 1965 மஸ்டாங், அசல் கே கோட் என்று அதிக விலை சொல்கிறார்கள். எப்படி உறுதி செய்வது சார்?

ப: இடது முன் மட்கார்டின் உட்புறத் தகட்டில் பொறித்த எண்ணைப் படியுங்கள். முதல் இலக்கம் 5 என்றால் 1965 மாடல். அடுத்த எழுத்து தொழிற்சாலை: எஃப் டியர்பார்ன், ஆர் சான் ஹோசே, டி (T) மெட்டச்சன். அடுத்து 07 கூபே (நிலையான கூரை), 08 கன்வர்ட்டிபிள் (மடக்குக் கூரை), 09 ஃபாஸ்ட்பேக் (பின்னால் சரியும் கூரை). அதன் பிறகு வரும் எழுத்துதான் இன்ஜின். 65-இல் டி (T) என்றால் ஆறு சிலிண்டர், சி என்றால் எட்டு சிலிண்டர் வி8, அதாவது 200 குதிரைத்திறன் கொண்ட 289 கன அங்குல இன்ஜின். அதே இன்ஜின் ஏ என்றால் 225 குதிரைத்திறன், கே என்றால் 271. அதுதான் கே கோட்.

கதவில் உள்ள தகட்டை மட்டும் நம்ப வேண்டாம், அது புதிதாகவும் அடித்துக் கிடைக்கும். சக்கரத்தில் நாலு போல்ட் இருந்தால் அது ஆறு சிலிண்டராகப் பிறந்த கார். வி8 எல்லாவற்றுக்கும் ஐந்து. பின் அச்சையும் பாருங்கள். கே காருக்கு 9 அங்குல டிஃபரன்ஷியல், மற்ற வி8-களுக்கு 8 அங்குலம். டிஃபரன்ஷியலின் அடிப்பக்க நட்டுகளில் சாக்கெட் நேராக ஏறினால் 8 அங்குலம், ஏறாவிட்டால் 9.

கே: 66 மஸ்டாங், 289 இன்ஜின். இருபது வருடமாக ஷெட்டில் நிற்கிறது. புது பேட்டரி வாங்கிவிட்டேன். செல்ஃப் அடிக்கலாமா?

ப: இன்னும் வேண்டாம். பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊற விடுங்கள். பிறகு கிராங்க் புல்லியின் நடு போல்டில் நீளமான ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுங்கள். முன்னாலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். எங்காவது தடுத்தால் வம்பு பண்ணாமல் நிறுத்துங்கள். வால்வு ஒட்டியிருக்கலாம். ராக்கர் கவரைத் திறந்து பார்த்துவிட்டுத் தொடரலாம்.

சுற்றினால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பின்பு, ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஆயில் பிரஷர் வரவழைக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் நிற்கும் நிலையைக் குறித்துக்கொண்டு அதைக் கழற்றினால், ஆயில் பம்ப் ஷாஃப்ட் தெரியும். டிரில் மெஷினில் அதற்கேற்ற கம்பி மாட்டி இடஞ்சுழியாகச் சுற்றினால் பம்ப் ஓடும். இங்கே ஒரு எச்சரிக்கை: டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கும்போது அந்த ஷாஃப்ட் கூடவே ஒட்டி வந்து ஆயில் தொட்டிக்குள் விழுவதுண்டு. மெதுவாக, பார்த்துக்கொண்டே தூக்குங்கள்.

பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும். அதை இன்ஜினுக்குக் காட்டவே கூடாது. மஸ்டாங்கில் டேங்கின் மேல்தகடுதான் டிக்கியின் தரை, அதனால் கழற்றுவது எளிது. உள்ளே துரு இருந்தால் புது டேங்க் வாங்குவதே லாபம். ரப்பர் குழாய் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் கிழிந்திருந்தால் பெட்ரோல் நேராக ஆயிலில் இறங்கும். ஆகவே, ஓட்டிய பிறகு டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். முதல் ஸ்டார்ட்டின்போது தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கே: பெட்ரோல் முள், டெம்பரேச்சர் முள் இரண்டும் ஒரே நாளில் செத்துவிட்டன. இரண்டு சென்சாரையும் மாற்றினேன், பலனில்லை.

ப: இரண்டும் ஒன்றாகப் போனால் சந்தேகம் சென்சார் மீது அல்ல. மீட்டர் பலகையின் பின்னால் சின்ன வோல்டேஜ் ரெகுலேட்டர் ஒன்று இருக்கிறது. 12 வோல்ட்டை விட்டு விட்டுக் கொடுத்து, சராசரியாக 5 வோல்ட் அளவுக்குக் குறைத்து இந்த முட்களுக்கு அனுப்புவது அதுதான். அதையும், அதன் எர்த்தையும் பாருங்கள். சோதனைக்காக 12 வோல்ட்டை நேராக மீட்டருக்குக் கொடுத்துவிடாதீர்கள், எரிந்துவிடும். இரண்டு முட்களும் ஒன்றாகக் கடைசிவரை ஏறி நின்றாலும் இதே கோளாறுதான். உடனே சாவியை அணைத்துவிடுங்கள்.

கே: ஈயமில்லாத பெட்ரோல் பழைய இன்ஜினைக் கெடுக்குமா?

ப: வார இறுதியில் நிதானமாக ஓட்டும் காருக்குக் கவலை இல்லை. நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் விரட்டினாலோ பாரம் இழுத்தாலோ எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் மெல்லத் தேயும். அதற்காக இன்ஜினைப் பிரிக்க வேண்டாம். வேறு காரணத்துக்கு ஹெட்டைக் கழற்றும்போது கடினமான வால்வு சீட் போட்டுவிடுங்கள். அமெரிக்காவில் சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் 1996-இலேயே முடிந்துவிட்டது.

அதைவிட முக்கியம் ஆயில். அந்தக் காலத்து கேம்ஷாஃப்டுக்கு (வால்வுகளைத் திறக்கும் தண்டு) துத்தநாகச் சேர்மம் அதிகம் உள்ள ஆயில் தேவை. புது கேம்ஷாஃப்ட் போட்டால், முதல் 20 நிமிடம் ஐடிலில் விடாமல் 2000 ஆர்பிஎம் அளவில் ஓட வேண்டும்.

கே: கன்வர்ட்டிபிள் தரையை மாற்றப் போகிறேன். வெல்டிங் தெரியும். வேறு என்ன கவனிக்க வேண்டும்?

ப: கூரை இல்லாத காரில் பலம் முழுக்கக் கதவுக்குக் கீழே ஓடும் தகட்டில்தான் இருக்கிறது. தரையை வெட்டும் முன் இரு கதவுத் திறப்பிலும் இரும்புக் குழாய் குறுக்கே வைத்து வெல்ட் செய்து கட்டுங்கள். இல்லாவிட்டால் பாடி நடுவில் தொய்ந்துவிடும், பிறகு கதவு சாத்தவே சாத்தாது. ஒரு பக்கம் வெட்டி ஒட்டி முடித்த பின்பே மறுபக்கம்.

கே: பிரேக் டிரம்மாகவே இருக்கட்டுமா, டிஸ்க் மாற்றட்டுமா?

ப: டிஸ்கை விடுங்கள், முதலில் மாஸ்டர் சிலிண்டர், அதாவது மிதியை அழுத்தும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம். 65, 66-இல் ஒரே அறைதான். ஒரு குழாய் வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. இரட்டை அறை 1967-இல்தான் வந்தது. குடும்பத்தை ஏற்றிச் செல்லும் காரென்றால், அசல் தன்மை போகிறதே என்று பார்க்காமல் இதை மாற்றுங்கள். நல்ல டிரம் பிரேக் ஊருக்குள் ஓட்டப் போதும்.

பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காற்றடித்துத் தூசு பறக்க விடாதீர்கள், ஈரமாகவே துடைத்தெடுங்கள். சிலிக்கோன் பிரேக் ஆயிலைச் சாதாரண பிரேக் ஆயிலோடு கலக்கவும் கூடாது.

கே: 1953 ஃபோர்டுக்கு என் புதுக் காரிலிருந்து ஜம்ப் கொடுக்கலாமா?

ப: கூடாது. அது 6 வோல்ட், அதுவும் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும்). 6 வோல்ட் சார்ஜர் வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: மாமனார் கொடுத்த 57 ஷெவி (செவ்ரோலெட்) பெல் ஏர். பணம் அளவாகத்தான் இருக்கிறது. முதலில் குரோம் செய்து கண்ணுக்கு அழகாக்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

ப: வீட்டில் சொல்பவர்களின் ஆசை புரிகிறது. ஆனால் பிரேக், ஸ்டீயரிங், வயரிங், டயர் முடியும் வரை அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். ஓடாத கார் அழகாக இருந்தாலும், ஒரு வருடத்தில் மேலே சாமான் அடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஓடி நிற்கும் கார் என்றால் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஐஸ்கிரீம் கடை வரை போகலாம். மீதி வேலைக்கு எல்லோருக்கும் மனசு வந்துவிடும்.

குரோமிலும் எல்லாமே செலவில்லை. பக்கவாட்டுப் பட்டைகள் ஸ்டெயின்லெஸ். நெளிசலைத் தட்டி எடுத்து, பஃபிங் சக்கரத்தில் நீங்களே பளபளப்பாக்கலாம். கைப்பிடி போன்ற துத்தநாக வார்ப்புகளில் புள்ளி புள்ளியாக அரிப்பு வந்திருந்தால் புதிதாக வாங்குவதே மலிவு. பம்பரைத்தான் பட்டறைக்குக் கொடுக்க வேண்டும். நல்ல பட்டறையில் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும், அதனால் பணம் சேர்ந்ததும் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். கொடுக்கும் அன்று ஒவ்வொரு துண்டையும் போட்டோ எடுத்து, எத்தனை துண்டு, எத்தனை போல்ட் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.