உப்பிய பாக்கெட்டை வாங்கலாமா?

கேள்வி: தெருமுனைக் கடையில் இட்லி மாவு பாக்கெட் வாங்கினேன். நன்றாக உப்பியிருந்தது. "புளிச்சிருக்கும்மா, இட்லி மெத்துனு வரும்" என்றார் கடைக்காரர். அங்கேயே வாங்கிய பாதாம் பால் அட்டைப் பெட்டியும் உப்பியிருக்கிறது. அதற்கும் அதே பதில்தான். மாற்றித் தர மறுக்கிறார். இரண்டும் ஒன்றுதானா?
– வாசகி, திருச்சி

பதில்: ஒன்றில்லை. அந்தப் பாலை வாயில் வைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

மாவில் பாக்டீரியா இருந்தே ஆக வேண்டும். உளுந்தோடு வரும் லூக்கோனோஸ்டாக் போன்றவை மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் கரியமில வாயுவையும் விடுகின்றன. மாவு புளிப்பதும் பொங்குவதும் அதனால்தான். ஆகவே உப்பியிருப்பதை மட்டும் வைத்து மாவு கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் ஃபிரிட்ஜ் குளிரில் இந்த வேலை மிக மெதுவாக நடக்கும். தேதி பாக்கி இருக்கும்போதே பாக்கெட் இறுக உப்பியிருந்தால், வண்டியிலோ கடையிலோ வெகுநேரம் வெளியில் கிடந்திருக்கலாம். இரவில் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுப் போகிற கடைகள் இருக்கின்றன. அந்த வெக்கையில் நல்லது மட்டுமே வளரும் என்று யாரும் உறுதி தர முடியாது. புளித்த வாசனை சரி. அழுகல் வாடை வந்தாலோ, இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ திட்டு தெரிந்தாலோ கொட்டிவிடுங்கள். ஆவியில் வெந்தால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். கிருமி செத்தாலும், ஸ்டஃபைலோகாக்கஸ் போன்றவை விட்டுப்போன நச்சு அந்தச் சூட்டில் அழியாது.

பாதாம் பால் கதையே வேறு. ஃபிரிட்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் இருப்பதற்காக, இத்தகைய பாலைச் சில நொடிகள் 135 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றுப் புகாமல் அடைக்கிறார்கள். உள்ளே எதுவும் வளரவே கூடாது. உப்பியிருந்தால் அடைப்பு விட்டிருக்கிறது, அல்லது ஏதோ பிழைத்திருக்கிறது. உப்பிய தகர டின் இன்னும் ஆபத்து. காற்றில்லாத இடத்தில் வளரும் குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் நரம்புகளையே முடக்கும் நச்சை உண்டாக்கும். பாதி விலைக்குக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

பில், பேட்ச் எண், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க உரிம எண் எல்லாம் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அப்புறமும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். சின்னத் தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள். அதே அட்டைப் பெட்டியை அடுத்து ஒரு குழந்தைக்கு வாங்கிப்போவார்கள்.

கேள்வி: வயிற்றுக்கு நல்லது என்று, உயிருள்ள நல்ல பாக்டீரியா சேர்த்த புரோபயாடிக் பானம் வாங்குகிறோம். வீட்டுத் தயிர் போதாதா?
– வாசகர், மதுரை

பதில்: ஆரோக்கியமாக இருப்பவர் தினமும் சாப்பிட வீட்டுத் தயிரே நல்ல உணவு. ஆனால் அதில் எந்த வகை பாக்டீரியா, எத்தனை என்று அளந்து சொல்ல முடியாது. புரோபயாடிக்குக்குக் கூடுதல் விலை கொடுக்கிறோம் என்றால் அந்த அளவுக்காகத்தான். ஆகவே லேபிளில் பாக்டீரியாவின் முழுப் பெயரும் எண்ணிக்கையும் இருக்கிறதா என்று பாருங்கள். யாகுல்ட் என்ற புரோபயாடிக் பானத்தின் 65 மில்லி புட்டியில் ஷிரோட்டா வகை பாக்டீரியா 650 கோடி என்று போட்டிருப்பார்கள். கூடவே சர்க்கரை அளவையும் படியுங்கள். ஃபிரிட்ஜுக்கு வெளியே அடுக்கி விற்கிற நீண்டநாள் மோர், லஸ்ஸி பெட்டிகளைப் பெரும்பாலும் புளித்த பிறகு சூடாக்கியிருப்பார்கள். ருசிக்கு வாங்கலாம், உயிருள்ள பாக்டீரியாவுக்காக வாங்க வேண்டாம்.

கேள்வி: கிருமிநாசினி சோப்பு அவசியமா?
– வாசகி, சேலம்

பதில்: வீட்டில் கை கழுவச் சாதாரண சோப்பு போதும். டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 கிருமிநாசினிப் பொருள்கள் சேர்த்த சோப்புகளை விற்க அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016-ல் தடை போட்டது. சாதாரண சோப்பைவிட அவை மேல் என்று கம்பெனிகள் நிரூபிக்கவில்லை. 20 நொடி நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.