தெருவெல்லாம் புகையிலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் தெற்கே வர்ஜீனியாவிலும் வடக்கே மாசசூசெட்ஸிலும் குடியேறியவர்கள் ஆங்கிலேயர்கள்தான். மொழியும் அரசரும் ஒன்று. பிறகு ஏன் ஒன்று அடிமைத் தோட்டங்களின் நாடாகவும் மற்றது பள்ளிகளின் நாடாகவும் ஆனது? தெற்கே போனவர்கள் சோம்பேறிகள், வடக்கே போனவர்கள் பக்தியுள்ள உழைப்பாளிகள் என்றே மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். சரிதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சரியில்லை. இனி ஒரு பிள்ளையிடமும் அப்படிச் சொல்லாதீர்கள். 1607-இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் இறங்கியவர்கள் நூற்றுச் சொச்சம் ஆண்களும் சிறுவர்களும். உப்பேறிய ஆற்றுநீரைக் குடித்துக் காய்ச்சலில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அவர்களையா சோம்பேறி என்கிறீர்கள்?

பக்தி உண்மைதான். எல்லோரும் பைபிள் வாசிக்க வேண்டும் என்றே மாசசூசெட்ஸில் 1647-இல் ஐம்பது வீடுள்ள ஊருக்கு ஓர் ஆசிரியர் என்று சட்டம் போட்டார்கள். குடும்பம் குடும்பமாக வந்ததால் அங்கே ஊர் இருந்தது, படிக்கப் பிள்ளைகளும் இருந்தார்கள். அது போகட்டும்.

உங்கள் கடிதத்தில் புகையிலை என்ற சொல்லே இல்லை. எனக்குக் கோபம் அங்கேதான்.

வேடசந்தூர்ப் பக்கம் என் அம்மாச்சிக்குப் புகையிலைத் தோட்டம் இருந்தது. விடுமுறையில் நானும் பக்கக் கொழுந்து ஒடித்திருக்கிறேன். பிசின் ஒட்டி விரல்கள் கறுத்துவிடும். சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் பிசைந்த சோறு கசக்கும். ஒடித்த இடத்தில் சில நாட்களில் மறுபடி துளிர்த்து நிற்கும். நாற்றுவிடுவது முதல் இலையைப் பதப்படுத்துவது வரை ஆள், ஆள், ஆள். 'ஆள்முழுங்கிப் பயிர்' என்பார் அம்மாச்சி.

1617-இல் ஜேம்ஸ்டவுனுக்கு வந்த ஆளுநர் ஆர்கால், சந்தைத் திடலிலும் தெருக்களிலும் புகையிலை நட்டிருக்கக் கண்டார். மண் சில ஆண்டுகளிலேயே சத்திழந்துவிடும். புது நிலம் தேடி ஆற்றோரமாகச் சிதறினார்கள். கப்பல் அவரவர் துறைக்கே வந்து சரக்கேற்றியது. பிறகு ஊர் எப்படிக் கூடும்? மணப்பெண்ணை அழைத்துவந்த செலவைக்கூடப் புகையிலையாக எடைபோட்டுக் கட்டினார்கள். ஆள் கொண்டுவந்தவனுக்குத் தலைக்கு 50 ஏக்கர் நிலம். முதலில் வந்தவர்கள் இங்கிலாந்தின் ஏழைகள், ஒப்பந்தக் கூலிகளாக. அவர்களுக்குக் கெடு முடியும், போய்விடுவார்கள். 1619 முதல் ஆப்பிரிக்கர்களையும் கொண்டுவந்து விற்றார்கள்.

1662-இல் வர்ஜீனியா ஒரு சட்டம் போட்டது: தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை. ஆங்கிலேய வழக்கப்படி பிள்ளையின் நிலை தந்தையைப் பொறுத்தது. அதையே தலைகீழாக்கினார்கள். தகப்பன் தோட்ட முதலாளியாகவே இருந்தாலும் பிள்ளை அவனுடைய சொத்துதான். ஆள் பஞ்சத்தைத் தாயின் வயிற்றைக் கொண்டு தீர்த்துக்கொண்டார்கள். இதைச் சொல்லாமல் சோம்பேறித்தனத்தைச் சொல்லிக் கொடுத்தால் யாரைக் காப்பாற்றுகிறீர்கள்?

உங்கள் பக்திமான்களும் 1641-லேயே அடிமை முறைக்குச் சட்டத்தில் இடம் வைத்தவர்கள்தான். கரீபியக் கரும்புத் தோட்டங்களின் அடிமைகளுக்கென்று மட்டமான கருவாட்டை விற்றதும் அவர்களுடைய கப்பல்கள்தான்.

நீங்கள் அக்கறையுள்ள ஆசிரியர், இல்லாவிட்டால் எழுதிக் கேட்டிருக்க மாட்டீர்கள். அடுத்த வகுப்பில் அந்த 1662 சட்டத்தை உரக்கப் படியுங்கள். மாணவிகள் என்ன கேட்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.