ஏப்ரலில் அடிக்காதவரை வெளியேற்றலாமா?

கேள்வி: அலுவலக நண்பர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஃபேன்டஸி பேஸ்பால் லீக் ஒன்றை நடத்துகிறோம்: மேஜர் லீக் ஆட்டக்காரர்களை டிராஃப்டில் (சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுத்து) பிரித்துக்கொண்டு, நிஜ ஆட்டங்களில் அவர்கள் எடுக்கும் எண்களை வைத்துப் போட்டியிடுகிறோம். எனக்கு இது முதல் ஆண்டு. இதற்கு முன் ஐபிஎல் ஃபேன்டஸி மட்டுமே ஆடியிருக்கிறேன். சீசன் தொடங்கி மூன்று வாரங்கள் ஆகின்றன. நான் பத்தாவது இடத்தில் இருக்கிறேன். டிராஃப்டில் இரண்டாம் சுற்றில் எடுத்த பேட்டர் இதுவரை 64-க்கு 11 ஹிட் (அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸை அடைவது) மட்டுமே அடித்திருக்கிறார். யாருடைய அணியிலும் இல்லாத ஒருவர் அதற்குள் 6 ஹோம் ரன் அடித்துவிட்டார். முன்னவரை விட்டுவிட்டு இவரை எடுக்கலாமா? என் குளோசர் (கடைசி இன்னிங்ஸை முடித்துக்கொடுக்கும் பிட்சர்) இரண்டு ஆட்டங்களைக் கோட்டை விட்டார். பிட்சர் ஒருவர் 3 இன்னிங்ஸில் 7 ரன் கொடுத்தார். இன்னும் மைனர் லீகிலேயே (மேஜர் லீகுக்குக் கீழ்நிலையில்) இருக்கும் இளைஞர்கள் இருவரை பெஞ்சில் வைத்திருக்கிறேன். இதற்கிடையில் நண்பர் ஒருவர், என் இரண்டாம் சுற்று பேட்டருக்கு ஈடாக இரண்டு பிட்சர்களைத் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: உங்கள் லீக்கில் இன்னும் இரண்டு தமிழர்கள் ஆடுவதாக நீங்களே எழுதியிருப்பதால், கடிதத்தில் இருந்த ஆட்டக்காரர்களின் பெயர்களை நீக்கிவிட்டேன். இரண்டாம் சுற்று பேட்டரை விடாதீர்கள். ஹோம் ரன் அடிப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவருக்கான இடத்தை வேறொருவரிடமிருந்து எடுங்கள். குளோசர் விஷயத்தில் மட்டும் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். காரணங்களைக் கீழே சொல்கிறேன்.

ஐபிஎல் ஃபேன்டஸியில் ஒவ்வொரு ஆட்டத்திற்கும் புதிதாகப் பதினொருவரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள்; போன வாரம் அடித்தவரை எடுப்பதும், அடிக்காதவரை விடுவதும் அங்கே இயல்பான பழக்கம். இங்கே ஓர் அணி 162 ஆட்டங்களை ஏறத்தாழ ஆறு மாதங்களில் ஆடுகிறது. நாள்தோறும் களமிறங்கும் ஒரு பேட்டர் சீசன் முழுவதும் 600 முறைக்கு மேல் பேட் பிடிக்கப் போகிறார். உங்களுடையவர், பிட்சர் நான்கு பந்துகளைத் தவறாக வீசியதால் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து சென்ற ‘வாக்’ (walk) முறைகளையும் சேர்த்து இதுவரை 71 முறைதான் வந்திருக்கிறார். எட்டில் ஒரு பங்கு கூட முடியவில்லை. அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால், ஒவ்வொரு வாரமும் விலை ஏறியதை வாங்கி, விலை இறங்கியதை விற்றுக்கொண்டிருப்பீர்கள்.

நீங்கள் அனுப்பிய எண்களையே எடுத்துக்கொள்வோம். 71 முறையில் 13 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பது), 7 வாக், 1 ஹோம் ரன், 11 ஹிட். ஆவரேஜ், அதாவது 64-க்கு 11 ஹிட் என்ற விகிதம், 0.172 என்பதைப் பார்த்துத்தான் கலங்கியிருக்கிறீர்கள். ஆனால் எந்த எண்ணை எப்போது நம்பத் தொடங்கலாம் என்பதை ரஸ்ஸல் கார்ல்டன் என்னும் ஆய்வாளர் பல ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார். ஒருவர் எவ்வளவு அடிக்கடி ஸ்ட்ரைக் அவுட் ஆகிறார் என்பது ஏறத்தாழ 60 முறையிலேயே ஓரளவு தெரிந்துவிடும். ‘வாக்’ விகிதத்துக்கு 120 முறை, ஹோம் ரன்களுக்கு 170 முறை வேண்டும். அடித்து ஆட்டத்துக்குள் விழுந்த பந்துகளில் எத்தனை ஹிட் ஆகின்றன என்பதற்கோ 820 பந்துகள் வேண்டும். அது ஏறத்தாழ இரண்டு முழு சீசன். இந்த எல்லையைத் தொட்டதும் எண் முழு உண்மையைச் சொல்லிவிடும் என்று பொருளல்ல. பாதிக்குப் பாதி நம்பலாம் என்பதே பொருள். உங்கள் பேட்டரின் ஸ்ட்ரைக் அவுட் விகிதம் 18 சதவீதம். போன ஆண்டும் அவருக்கு அதே அளவுதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பந்தை முன்போலவே பார்க்கிறார், முன்போலவே தொடுகிறார். மாறியிருப்பது ஒன்றே ஒன்றுதான்: ஹோம் ரன்னை விலக்கினால், அவர் ஆட்டத்துக்குள் அடித்த 50 பந்துகளில் 10 மட்டுமே ஹிட் ஆகியிருக்கின்றன. மேஜர் லீகில் பொதுவாக 50-க்குப் பதினான்கோ பதினைந்தோ ஹிட் ஆகும். அந்த நான்கைந்து பந்துகள் ஃபீல்டரின் கையுறைக்கு ஓரடி தள்ளி விழுந்திருந்தால், இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டீர்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. இனி வரும் 500 முறையில் அவர் வழக்கம்போல் 0.275 அடித்தால், சீசன் முடிவில் அவருடைய ஆவரேஜ் 0.263-இல் நிற்கும். இதில் கவனிக்க வேண்டியது இதுதான்: அந்த 0.172 ஏற்கெனவே உங்கள் கணக்கில் ஏறிவிட்டது. அவரை வெளியேற்றுவதால் அது அழியப் போவதில்லை. நீங்கள் இழக்கப் போவது இனி வரும் 0.275-ஐத்தான், அதையும் உங்களுக்கு மேலே இருக்கும் ஒன்பது பேரில் ஒருவர் இலவசமாக எடுத்துக்கொள்வார். இதுவரை நேர்ந்த சேதமும் அப்படியொன்றும் பெரிதல்ல. ஓர் அணியின் பேட்டர்கள் எல்லோரும் சேர்ந்து சீசனில் 7,000 முறை ஆடுவதாக வைத்துக்கொண்டால், இவரால் குறைந்துபோன ஆறேழு ஹிட் உங்கள் அணியின் ஆவரேஜை 0.001 அளவுக்குத்தான் இறக்கும்.

இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குச் சொந்த அனுபவமும் ஒரு காரணம். 2024-இல் நியூயார்க் மெட்ஸின் ஃபிரான்சிஸ்கோ லிண்டோர் என் அணியில் இருந்தார். மே மாத நடுவிலும் அவர் 0.200-க்குக் கீழேதான் அடித்துக்கொண்டிருந்தார். பொறுமையிழந்து, இரண்டாம் நிலை பிட்சர் ஒருவருக்கு ஈடாக அவரைக் கொடுத்துவிட்டேன். அதே வாரத்தில் மெட்ஸ் அவரை முதல் பேட்டராக இறக்கத் தொடங்கியது. சீசன் முடிவில் 0.273 ஆவரேஜ், 33 ஹோம் ரன், 29 ஸ்டோலன் பேஸ் (பேட்டர் அடிக்காமலே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது), நேஷனல் லீகின் சிறந்த ஆட்டக்காரர் வாக்கெடுப்பில் இரண்டாம் இடம். எனக்கு அந்த ஆண்டு எட்டாம் இடம். 2009-இல் டேவிட் ஓர்டிஸ் தமது முதல் ஹோம் ரன்னை அடித்ததே மே 20-ஆம் தேதியில்தான். ஆண்டு முடிவில் 28 அடித்திருந்தார். காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் இப்படி வாய்க்கும் என்று சொல்லவில்லை. உடல்நலக் குறைவை மறைத்துக்கொண்டு ஆடுபவர்களும் உண்டு, வயதில் தளர்ந்துபோனவர்களும் உண்டு. ஸ்ட்ரைக் அவுட் திடீரென்று ஏறினாலோ, மேனேஜர் அவரை வரிசையில் கீழே இறக்கினாலோ, அடிக்கும் பந்தின் வேகம் குறைந்தாலோ அப்போது மறுபடியும் எழுதுங்கள். மூன்றும் இப்போது இல்லை.

ஹோம் ரன் அடிப்பவரையும் இதே அளவுகோலால்தான் அளக்க வேண்டும்; அளந்தால் முடிவு அவருக்குச் சாதகமாக வரவில்லை. 55 முறையில் 19 ஸ்ட்ரைக் அவுட் என்றால் மூன்றில் ஒன்றுக்கும் மேல். ஏப்ரலிலேயே ஓரளவு நம்பத்தக்க எண் அதுதான், 6 ஹோம் ரன் அல்ல. 2006-இல் டெட்ராய்ட் டைகர்ஸின் கிறிஸ் ஷெல்டன் முதல் 13 ஆட்டங்களில் 9 ஹோம் ரன் அடித்து நாடு முழுவதையும் திரும்பிப் பார்க்க வைத்தார். ஆண்டு முடிவில் மொத்தம் 16. ஜூலை இறுதியிலேயே மைனர் லீகுக்கு அனுப்பிவிட்டார்கள். 2021-இல் சிகாகோ வைட் சாக்ஸின் யெர்மின் மெர்சிடெஸ் சீசனின் முதல் எட்டு முறையும் ஹிட் அடித்து, ஏப்ரலை 0.415-இல் முடித்தார், ஜூலை தொடக்கத்தில் அவரும் மைனர் லீகில் இருந்தார்.

இருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். 2014 ஏப்ரலில் கொலராடோவின் சார்லி பிளாக்மன் ஒரே ஆட்டத்தில் ஆறுக்கு ஆறு அடித்தபோது அதுவும் தற்செயல் என்றே பலர் ஒதுக்கினார்கள். அந்த ஆண்டு அவர் 19 ஹோம் ரன்னும் 28 ஸ்டோலன் பேஸும் கொடுத்தார். அவரிடம் பார்த்திருக்க வேண்டியது அந்த ஆறு ஹிட்டை அல்ல. நாள்தோறும் ஆடும் இடம் அவருக்குக் கிடைத்திருந்ததைத்தான். ஆகவே உங்களுடைய புதியவர் இடக்கை பிட்சர்களுக்கு எதிராகவும் இறக்கப்படுகிறாரா, காயத்திலிருந்து திரும்பப் போகும் ஒருவருடைய இடத்தைத்தான் தற்காலிகமாக நிரப்பிக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள். அவருக்காக வெளியேற வேண்டியவர் உங்கள் பெஞ்சின் கடைசியில் இருப்பவர். பன்னிரண்டு அணி லீக்கில் அந்தக் கடைசி இடம் சூதாடுவதற்கென்றே இருக்கிறது. அதை வாரம் ஒருமுறை மாற்றினாலும் தவறில்லை. முதல் பத்துச் சுற்றுகளில் எடுத்தவர்களை, காயம் தவிர வேறு காரணத்துக்காக, மே மாத இறுதி வரை தொடாமல் இருப்பது நல்லது.

குளோசர் நிலைமை இதற்கு நேர்மாறானது. ஓர் அணியில் ஒன்பதாவது இன்னிங்ஸில் முன்னிலையைக் காத்து முடித்து, அதற்கான ‘சேவ்’ கணக்கை வாங்கும் வேலை பெரும்பாலும் ஒருவருக்குத்தான். அந்த வேலை கைமாறும்போது பழையவரின் மதிப்பு ஒரே இரவில் பூஜ்யமாகிறது, புதியவருடையது எங்கோ போய்விடுகிறது. திறமை மாறியதா இல்லையா என்பதல்ல கேள்வி. மேனேஜர் யாரைக் கூப்பிடுகிறார் என்பதே கேள்வி. இரண்டு ஆட்டங்களைக் கோட்டை விட்ட பிறகு, அடுத்து சேவ் வாய்ப்பு வந்தபோது யார் வந்தார் என்று பாருங்கள். வேறொருவர் வந்திருந்தாலும், உங்களுடையவர் அதற்கு முந்தைய இரண்டு நாளும் பந்து வீசியிருந்தால் அது வெறும் ஓய்வாக இருக்கலாம். ஓய்வு தேவைப்படாத நாளிலும் வேறொருவர் வந்திருந்தால் அந்தப் புதியவரை உடனே வாங்குங்கள். உங்கள் லீக்கில் யாருடைய அணியிலும் இல்லாதவர்களை ஏலத்தில் எடுக்கச் சீசன் முழுவதற்கும் 100 டாலர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் இருபது, இருபத்தைந்து வரை போகலாம். ஆகஸ்டுக்கென்று பொத்திவைக்கும் டாலர் ஆறு வாரத்துக்குத்தான் உழைக்கும். இன்று செலவிடும் டாலர் ஐந்து மாதத்துக்கு உழைக்கும். ஹோம் ரன்காரருக்கு மூன்று டாலருக்கு மேல் வேண்டாம்.

3 இன்னிங்ஸில் 7 ரன் கொடுத்த பிட்சரை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அணி சீசனில் 1,300 இன்னிங்ஸ் வீசுமானால், அந்த ஓர் இரவு ஈஆர்ஏவை (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுக்கும் ரன்) 0.04 அளவுக்கு உயர்த்தும், அவ்வளவுதான். அவருடைய ஃபாஸ்ட் பாலின் வேகத்தை மட்டும் ஒருமுறை பாருங்கள். ஒப்பிடும்போது போன செப்டம்பருடன் அல்லாமல் போன ஏப்ரலுடன் ஒப்பிடுங்கள், ஏனென்றால் குளிர் விலகாத வாரங்களில் பெரும்பாலோருடைய வேகமும் சற்றுக் குறைந்தே இருக்கும். மணிக்கு இரண்டு மைல் குறைந்து, அதோடு முன்கையில் இறுக்கம் என்ற செய்தியும் வந்தால்தான் கவலை. அச்செய்தி சில வேளைகளில் டாமி ஜான் எனப்படும் முழங்கைத் தசைநார் அறுவை சிகிச்சையில் போய் முடியும்; அதிலிருந்து திரும்ப ஓராண்டுக்கும் மேலாகும்.

மைனர் லீக் இளைஞர்களில் ஒருவரை விட்டுவிடுங்கள். அவர்கள் எப்போது மேலே வருவார்கள் என்பதைத் திறமை மட்டும் முடிவு செய்வதில்லை. மேஜர் லீகில் 172 நாள் இருந்தால் ஓர் ஆண்டு சேவையாகக் கணக்கில் ஏறும்; அப்படிப் போதிய ஆண்டுகள் சேர்ந்த பிறகே ஒருவர் விரும்பிய அணிக்குப் போகலாம். அதனால் முதல் இரண்டு வாரம் கீழேயே வைத்திருந்தால் அணிக்கு அந்த ஆட்டக்காரர் மேலும் ஓராண்டு கட்டுப்பட்டவராகிறார். 2015-இல் பயிற்சி ஆட்டங்களில் 9 ஹோம் ரன் அடித்த கிரிஸ் பிரையன்டைச் சிகாகோ கப்ஸ் ஏப்ரல் 17-இல்தான் அழைத்தது. ஆண்டு முடிவில் அவருக்கு இருந்தது 171 நாள். சிறந்த புதுமுகம் விருதையும் அவரே வாங்கினார். இப்போது இளைஞர்களை முதல் நாளிலேயே கொண்டுவரும் அணிகளுக்கு ஊக்கச் சலுகை இருப்பதால் கணக்கு கொஞ்சம் மாறியிருக்கிறது. என்றாலும் நான்கே இடம் உள்ள பெஞ்சில் இரண்டை எப்போது வருவார் என்று தெரியாதவர்களுக்குக் கொடுப்பது தாராளம்தான். காயம்பட்டோர் பட்டியலுக்கென்று தனி இடம் இருந்தால் அதைக் காலியாக விடாதீர்கள். பேட்டர்களுக்குக் குறைந்தது 10 நாள், பிட்சர்களுக்கு 15 நாள் என்பதால் ஏப்ரலில் போனவர்களில் பலர் மே தொடக்கத்தில் திரும்பிவிடுவார்கள்.

பத்தாவது இடம் என்பதை இப்போது பொருட்படுத்த வேண்டாம். மூன்றாம் வாரப் பட்டியலில் இரண்டு ஹோம் ரன் மூன்று படி ஏற்றிவிடும். ஸ்டோலன் பேஸில் நீங்கள் கடைசியில் இருப்பதை மட்டும் கவனியுங்கள். 2023-இல் பேஸ்களின் அளவு 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாகி, பேஸில் நிற்கும் ஓட்டக்காரரைத் தடுக்கப் பிட்சர் அங்கே பந்தெறிவதற்கும் வரம்பு வந்த பிறகு, முந்தைய ஆண்டு 2,486 ஆக இருந்த மொத்த எண்ணிக்கை 3,503 ஆனது. பழைய கணக்கில் ஐந்தாறு ஓட்டக்காரர்கள் போதும் என்று நினைத்து டிராஃப்ட் செய்திருந்தால் அது போதாது. விடப் போகும் இளைஞரின் இடத்தை இதற்குப் பயன்படுத்தலாம்.

கடைசியாக, நண்பர் கேட்கும் அந்த ட்ரேட் (ஆள் மாற்று). இரண்டு பிட்சர்களும் பத்தாம் சுற்றுக்குப் பின் எடுக்கப்பட்டவர்கள். இருவரும் மூன்று வாரம் நன்றாக வீசியிருக்கிறார்கள். உங்கள் நண்பர் கடந்த மூன்று வாரத்தை உங்களுக்கு விற்றுவிட்டு, வரப்போகும் இருபத்து மூன்று வாரத்தை வாங்கப் பார்க்கிறார், விஷயம் தெரிந்தவர். மறுத்துவிடுங்கள். அவருடைய அணியிலும் மூன்றாம் சுற்று பேட்டர் ஒருவர் 0.190-இல் தடுமாறிக்கொண்டிருப்பதை நீங்கள் அனுப்பிய பட்டியலில் பார்த்தேன். ஸ்ட்ரைக் அவுட் விகிதம் அவருக்கும் ஏறவில்லை. அந்த பேட்டருக்கு ஈடாக என்ன வேண்டும் என்று நண்பரிடம் கேட்டு இன்றைக்கே எழுதிவிடுங்கள். உங்கள் லீக்கின் இரண்டு தமிழர்களில் இந்த நண்பரும் ஒருவர் என்றால், இதழ் அவர் கைக்குப் போவதற்குள் பேச்சு முடிந்திருக்க வேண்டும்.