கராஜ் ரோலர் கதவை வீட்டுத் தானியக்க அமைப்புடன் இணைப்பது எப்படி?

மோட்டார் பூட்டிய ரோலர் கதவுக்கு வைஃபை ரிலே (வைஃபை வழியாகக் கட்டளை பெற்று இயங்கும் சிறிய மின் சுவிட்ச்) ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். அதை வீட்டுக் கருவிகளை ஒரே இடத்திலிருந்து இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளில் எப்படிச் சேர்ப்பது, வேறென்ன தேவைப்படும் என்று கேட்டிருக்கிறீர்கள். மட்டக்களப்பின் கடலோரக் கல்லடியில் எங்கள் வீட்டுக் கதவுக்கு இதை நானே செய்தேன். ரிலேயைக் கையில் எடுக்குமுன் காந்தம் அருகில் இருக்கிறதா என்று பார்த்துக் கதவின் நிலையைச் சொல்லும் காந்த உணரி ஒன்றை வாங்கிவிடுங்கள். கதவைத் திறக்க வைப்பது எளிது. அது திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று அமைப்புக்குத் தெரிய வைப்பதில்தான் வேலையே இருக்கிறது.

நான் ரிலேயை மட்டும் பூட்டிவிட்டு, திரையில் 'மூடியுள்ளது' என்று வந்ததை நம்பினேன். ஓர் இரவு மின்சாரம் போய் விடியற்காலையில் வந்தது. அம்மா வாசல் கூட்டப் போனபோது கதவு உச்சிவரை சுருண்டிருந்தது. மோட்டார் சைக்கிளும் தண்ணீர்ப் பம்பும் தெருவுக்குத் தெரியக் கிடந்தன. கைபேசி அப்போதும் 'மூடியுள்ளது' என்றே காட்டியது. மின்சாரம் திரும்பும்போது ரிலே இயங்கு நிலைக்குப் போகும்படி அமைப்பில் இருந்திருக்கிறது. 'மேலே' பொத்தானை யாரோ அழுத்திப் பிடித்ததற்கு அது சமம். திரையோ கடைசியாக நான் கொடுத்த கட்டளையைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. எதுவும் களவு போகவில்லை. ஆனால் அம்மாவின் முகத்தில் அன்று கண்ட பயத்தை நான் மறக்கவில்லை.

ஆகவே, மின்சாரம் வந்ததும் ரிலே அணைந்தே இருக்க வேண்டும் என்பதை முதலில் அமைப்பில் பாருங்கள். பிறகு, அரை விநாடியில் தானாக அணையும்படி வையுங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியில் சுவர்ப் பொத்தானுக்கென்று உள்ள முனைகளில் இணைத்தால் போதும். ஷெல்லி நிறுவனத்தின் ‘ஷெல்லி 1’ போல, தொடுமுனை மின்வழங்கலிலிருந்து தனியாகப் பிரிந்திருக்கும் ரிலேதான் அதற்குப் பொருந்தும். அதே நிறுவனத்தின் 1பிஎம் வகையில் 230 வோல்ட்டே வெளியே வரும்; பெட்டி கருகிவிடும். மேலே, கீழே இரண்டுக்கும் இரண்டு ரிலே வைத்தால், இரண்டும் ஒரே நேரத்தில் இயங்காதபடி தடுப்பு அவசியம். குழாய்க்குள் அடங்கிய மோட்டாருக்கு 230 வோல்ட் நேராகவே போகும். அதை மின்னியலாளரிடம் விட்டுவிடுங்கள்.

உணரியின் காந்தத்தைக் கதவின் அடிப்பட்டையிலும், சுவிட்சைப் பக்கச் சட்டத்திலும் பொருத்துங்கள். இரும்பு காந்தப் புலத்தை இழுத்துக்கொள்வதால், ஜன்னலுக்கு விற்கும் சிறிய உணரி இங்கே தடுமாறும். அகன்ற இடைவெளிக்கான உலோக உறை வகையை வாங்கி, அடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டு வையுங்கள். கடற்காற்று இன்னொரு தொல்லை. சில மாதங்களில் என் கம்பி முனைகள் பச்சைக் களிம்பு பிடித்து, மூடிய கதவைத் திறந்ததாகக் காட்டின. முனைகளுக்கு ஈயம் பற்றவைத்து, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி போட்ட பிறகுதான் சரியானது.

நிறுவனத்தின் இணையச் சேவை வழியாக மட்டும் இயங்கும் கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2023 நவம்பரில் கராஜ் கதவுத் திறப்பிகள் செய்யும் சேம்பர்லெயின் நிறுவனம், கதவைக் கைபேசியால் இயக்க உதவும் தன் மைக்யூ இணையச் சேவைக்குள் வெளியார் மென்பொருள்கள் நுழைவதைத் தடுத்தது. டிசம்பரில் வந்த ஹோம் அசிஸ்டன்ட் 2023.12 பதிப்பில் மைக்யூவுக்கான இணைப்பே நீக்கப்பட்டது. வீட்டு வலையமைப்புக்குள்ளேயே பேசிக்கொள்ளும் கருவிக்கு இந்தக் கதி வராது. இத்தகைய ரிலேக்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் இயங்கும் என்பதால், ரவுட்டரில் அந்த அலைவரிசை திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கதவைத் தானாக மூடும் விதி எதையும் நான் வைக்கவில்லை. எங்கள் கதவில் தடையைக் கண்டு நிற்கும் ஒளிக்கதிர் உணரி கிடையாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சைக்கிளோடு உள்ளே வந்து போவார்கள். இரவு ஒன்பது மணிக்குக் கதவு திறந்திருந்தால் அம்மாவின் கைபேசிக்கு ஒரு வரி போகும். அவர் எழுந்து போய், கதவுக்கு அடியில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துவார்.