மாப்பிள்ளை ரொறன்ரோவில், வேலையை இப்போதே விடவேண்டுமா?

கேள்வி: எனக்கு 28 வயது. கிளிநொச்சி அறிவியல் நகரில் குடிசார் பொறியியல் படித்தேன். யாழ்ப்பாணத்தில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் மூன்று வருடமாக வேலை. ரொறன்ரோ மாப்பிள்ளை ஒருவரோடு பேச்சுக்கால் நடக்கிறது, எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் "இனி வேலையை விட்டிட்டு வீட்டில நில்" என்கிறார் அம்மா. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி வீட்டைச் சீதனமாக எழுதுகிறார்கள். மறுத்தால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேனோ?

பதில்: கல்யாணத்துக்குச் சம்மதிப்பது வேறு, வேலையை விடுவது வேறு. வீட்டில் இரண்டையும் ஒன்றாகக் கேட்கிறார்கள். நீங்கள் பிரித்துப் பதில் சொல்லலாம்.

முதலில் அந்தக் குற்றவுணர்வு. ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் தொடங்கி ஏ.எல். வரை நீங்கள் எடுத்த புள்ளி முழுக் குடும்பத்தின் பெருமை. உங்கள் விருப்பமும் வீட்டாரின் விருப்பமும் அதுவரை ஒரே பக்கம்தான் போயின. இப்போதுதான் முதல் தடவையாகப் பிரிகின்றன, அதனால்தான் ஒரு சின்ன 'மாட்டேன்'கூடத் துரோகம் போலக் கனக்கிறது. அம்மாவையும் குறை சொல்வதற்கில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே பெயர்ந்து நடந்த காலத்தில் இளம் பெண்ணாக இருந்தவருக்கு, ஒரு வெளிநாட்டு மாப்பிள்ளையும் ஒரு வீட்டு உறுதிப் பத்திரமும்தான் பாதுகாப்பு.

ஆனால் அந்த உறுதியை நன்றாகப் பாருங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை பொருந்தும் கல்யாணமான பெண் தன் பெயரிலுள்ள வீட்டையோ காணியையோ விற்பதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அவர் நியாயமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றம் போகலாம், சரி, ஆனால் அவசரத்துக்கு யார் அங்கே அலைவது? உங்கள் சம்பளத்துக்கும் சேமிப்புக்கும் யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. பிள்ளையின் பாதுகாப்புக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விடச் சொல்வது எனக்கு என்றைக்கும் விளங்காத கணக்கு. இதை அப்பாவோடு பேசுங்கள். உறுதி, காணி என்றால் அவர் உட்கார்ந்து கேட்பார்.

அடுத்தது கனடா. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் உரிமம் பெற்ற பொறியியலாளர் ஆவதற்கு உங்கள் பட்டத்தை மதிப்பிடுவார்கள், ஒரு தொழில்நடைமுறைப் பரீட்சை இருக்கிறது, அதோடு 48 மாத அனுபவமும் காட்டவேண்டும். 2023இலிருந்து அது கனடா அனுபவமாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்களுக்கு ஏறத்தாழ 36 மாதம் ஆகிவிட்டது. வாழ்க்கைத்துணை விசா வர மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களை வீட்டில் இருந்து கழிப்பதா, வேலைத்தளத்தில் கழிப்பதா என்பதுதான் அம்மாவிடம் வைக்கவேண்டிய கேள்வி. செய்த வேலைகளை இன்றே எழுதத் தொடங்குங்கள்: எந்தத் திட்டம், என்ன கணிப்பீடு, யார் மேற்பார்வை. மேலதிகாரி வேறு இடம் போகுமுன் அவரிடம் கடிதமும் வாங்கிவிடுங்கள்.

மாப்பிள்ளையோடு நீங்களே பேசுங்கள், புரோக்கர் வழியாக வேண்டாம். "வேலைக்குப் போகலாமா" என்று அனுமதி கேட்கிற மாதிரித் தொடங்காதீர்கள். "உரிமம் எடுக்க இவ்வளவு காலம், இவ்வளவு செலவு, பிள்ளை பிறந்தால் முதல் வருடம் எப்படிச் சமாளிப்போம்?" என்று கேளுங்கள். "வந்த பிறகு பார்ப்போம்" என்று மழுப்பினால், கல்யாண நாளுக்கு முன் இன்னொரு தடவை பேசுங்கள். அப்போதும் அதே பதில்தான் என்றால் நாளைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். மண்டபத்துக்கு முற்பணம் கட்டியாயிற்று என்பார்கள். கட்டியிருக்கட்டும்.